வெளிறும் முகமும் அதிரும் நெஞ்சும்: ஓர் ஆங்கில வினைச்சொல்லின் பொருளும் தமிழாக்கமும்

மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பொன்றில் மாணவர்க்கு ஓர் ஆங்கிலத் தொடரைக் கொடுத்திருந்தோம். வீட்டுப் பணிப்பெண் ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமை குறித்து ஒரு மன்றம் விடுக்கும் அறிக்கையின் முதல் தொடர் அது. பயிற்சிக்கென நாமே அமைத்தது. 'அப்போல்' என்னும் ஆங்கில வினையின் செயப்பாட்டு வடிவம் அதில் பயனிலையாக நின்றது. ஏறக்குறைய எல்லா மாணவரும் 'இச்செய்தி அறிந்து மன்றம் அதிர்ச்சி அடைகிறது' என்றே எழுதியிருந்தனர். அதில் இலக்கணப் பிழை இல்லை. நாளிதழ்களில் நாள்தோறும் காணும் தொடரும் அதுவே. நாமும் சரியெனக் குறியிட்டுக்கொண்டே வந்தோம். பகுதிநேரமாகப் பயிலும் தமிழாசிரியை ஒருவர் மட்டும் கையுயர்த்தினார். "ஐயா, இத்தகைய செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. மன்றத்தாருக்கு இது தெரியாத ஒன்றா? தெரிந்ததைக் கேட்டு எப்படி அதிர்ச்சி அடைவது?" என்று வினவினார். அன்று எம்மால் நிறைவான விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்குக் காலந்தாழ்த்தி எழுதும் விடை எனலாம்.

சொல்லின் வடிவத்தைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு. இவ்வினையை நம் வரிவடிவில் எழுதப் புகுவோர் 'அப்பால்' என்று எழுதிவிடின், அப்புறம் என்னும் பொருள் தரும் நம் சொல்லோடு அது மயங்கும். ஆகவே இக்கட்டுரையில் 'அப்போல்' எனக் குறிக்கின்றோம். பிரித்தானிய எழுத்துமுறையில் இச்சொல்லின் இறுதியில் 'எல்' என்னும் எழுத்து ஒன்றே வரும். அமெரிக்க முறையில் இரண்டு வரும். ஆயினும் இறந்தகால வடிவத்திலும் 'இங்' ஈற்று வடிவத்திலும் இரு நாட்டாரும் இரட்டித்தே எழுதுவர். நம் பள்ளிகளில் பிரித்தானிய முறையே பயின்று வருவதால், வினையடியில் ஓர் எழுத்தும் ஏனைய வடிவங்களில் ஈரெழுத்தும் காணும் மாணவர் அச்சுப்பிழையோ என ஐயுறுவது உண்டு.

இனிச் சொல்லின் பிறப்பை நோக்குவோம். வெளிறிய நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து பழைய பிரெஞ்சு மொழியில் 'வெளிறுதல், வெளிறச் செய்தல்' என்னும் பொருளுடைய வினை தோன்றிற்று. அதுவே 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துள் புகுந்து 'அப்போல்' ஆயிற்று. வெளிறிய நிறத்தைக் குறிக்கும் 'பேல்' என்னும் எளிய ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. தொடக்கத்தில் இவ்வினைக்கு அச்சத்தோடு நேரான தொடர்பு இல்லை. முகம் வெளிறுவதை மட்டுமன்றி நிறம் மங்குவதையும், வலிமை குன்றுவதையும், மது தன் சுவையும் காரமும் இழந்து சப்பென்று ஆகிவிடுவதையும் கூட அது குறித்தது. இச்சொல்லின் முதலெழுத்து தேய்ந்து உருவான 'போல்' என்னும் மற்றோர் ஆங்கில வினை இன்றும் வழக்கில் உள்ளது. நெடுநாள் நுகர்ந்து சலித்துப்போதலை அது குறிக்கும். முன்னரே அறிந்தது சலிப்பைத் தருவதும், முன்னரே அறிந்தும் நெஞ்சைப் பதறச் செய்வதும் ஒரே வேரிலிருந்து கிளைத்த பொருள்கள் என்பது சுவையான செய்தி. பிணத்தின்மீது போர்த்தும் துணிக்கும் ஆங்கிலத்தில் அதே வடிவமுடைய பெயர் உண்டு. ஆயின் அது மேலாடையைக் குறிக்கும் வேறோர் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இரண்டையும் இணைத்துப் பொருள் கூறுவது தவறு.

முகம் வெளிறுதல் என்னும் உடற்குறி, அதனை விளைவிக்கும் அச்சத்திற்குப் பெயராக மாறியது அடுத்த நிலை. ஷேக்ஸ்பியர் காலத்தில் இப்பொருள் நிலைபெற்றுவிட்டது. 'மெக்பெத்' நாடகத்தில் மன்னன் டங்கனைக் கொன்றபின் சிறு ஓசையும் தன்னை நடுங்கச் செய்வதாக மெக்பெத் கூறும் இடத்தில் இவ்வினை வருகிறது. அது அச்சம் மட்டுமே அன்று. குற்றம் செய்த மனத்தின் நடுக்கமும் ஆகும். 'ஹாம்லெட்' நாடகத்தில் இச்சொல் இன்னும் நுட்பமாக ஆளப்படுகிறது. தனக்கு நேர்ந்த துயரம் ஒரு நடிகனுக்கு நேர்ந்திருப்பின் அவன் அரங்கத்தாரை என்ன பாடுபடுத்துவான் என்று ஹாம்லெட் எண்ணிப் பார்க்கும் தனிமொழியில், குற்றமுடையோர் பித்துக்கொள்வர் என்றும் குற்றமற்றோர் இவ்வினைக்கு ஆளாவர் என்றும் இரு திறத்தாரும் பிரித்துக் கூறப்படுகின்றனர். குற்றமற்றவர் தமக்கு ஏதேனும் நேருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பிறர் செய்த தீமையின் அளவைக் கண்டே அவர் வெளிறுகிறார். இச்சொல்லின் இக்காலப் பொருளுக்கு உரிய வித்து இவ்விடத்தில் புலப்படுகிறது என்று நாம் கருதுகின்றோம்.

அச்சத்தால் முகம் வெளிறுவது மாந்தர் அனைவர்க்கும் பொதுவான உடலியல் நிகழ்ச்சி. அச்சமுறும்போது தோலின் கீழுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. குருதி தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. தமிழிலும் 'முகம் வெளிறிப்போயிற்று', 'முகத்தில் ஈயாடவில்லை', 'பேயறைந்தாற்போல் நின்றான்' என்றெல்லாம் கூறுகிறோம். மலாய் மொழியிலும் அச்சத்தால் மிக வெளிறிய நிலையைக் குறிக்க 'புச்சாட் லெசி' என்னும் தொடர் உண்டு. எனினும் பழந்தமிழ் இலக்கியத்தில் நிறமாற்றத்திற்கு வாய்த்த சிறப்பிடம் அச்சத்தில் இல்லை, பிரிவில் உள்ளது. பசலை, பசப்பு என்னும் சொற்கள் தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் நிறவேறுபாட்டைக் குறிப்பன. அதனைப் பீர்க்கம்பூவின் நிறத்தோடு ஒப்பிடுதல் அகப்பாடல் மரபு. திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரமே அமைந்திருத்தல் ஆசிரியர்கள் அறிந்ததே. ஆங்கிலம் வெளிறுதலைத் திகிலுக்கு உரிமையாக்கியது; தமிழ் அதனைக் காதலுக்கு உரிமையாக்கியது. ஆகவே சொற்பிறப்பைப் பின்பற்றி 'வெளிறினர்' என்று மொழிபெயர்த்தால், உடற்குறி மட்டும் வந்து சேரும். பொருள் வந்து சேராது.

ஆங்கிலத்தில் இத்தகைய உணர்ச்சிகளைக் குறிக்கும் வினைகள் பலவும் உடலிலோ புறவுலகிலோ நிகழும் ஒரு நிகழ்ச்சியைத் தம்முள் மறைத்து வைத்திருப்பன. 'அஸ்டோனிஷ்', 'ஸ்டன்' ஆகிய இரண்டும் இடிமுழக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. 'இடி விழுந்தாற்போல்' என்னும் நம் உவமை இவற்றிற்கு நேரானது. 'ஹாரிஃபை' என்பதன் அடியில் மயிர் குத்திட்டு நிற்றல் உள்ளது. நம் மயிர்க்கூச்செறிதல் அதுவே. ஆயினும் நாம் அதனை அச்சத்திற்கும் பக்திக்கும் களிப்பிற்கும் பொதுவாக வழங்குகிறோம். 'பெட்ரிஃபை' என்பது கல்லாகச் சமைத்தல். 'ஷாக்' என்பது மோதல். 'அவுட்ரேஜ்' என்னும் சொல்லைச் சினத்தோடு தொடர்புபடுத்துவோர் ஆங்கிலேயரிலும் பலர் உளர். உண்மையில் அதன் அடி 'எல்லைக்கு அப்பால்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே. நாம் 'அத்துமீறல்' என்கிறோம். 'அத்து' என்பது எல்லை. இவ்விரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே படிமத்தை அடைந்திருத்தல் வியப்பிற்குரியது. 1948 டிசம்பர் 10இல் ஏற்கப்பட்ட உலக மனித உரிமைப் பேரறிக்கையின் முன்னுரையில், மானிடத்தின் மனச்சான்று புண்பட்டதைக் கூற 'அவுட்ரேஜ்' என்னும் வினையே தெரிவு செய்யப்பட்டுள்ளது.

இப்போது ஆசிரியையின் வினாவிற்கு வருவோம். 'ஷாக்' என்னும் வினைக்கு எதிர்பாராமை இன்றியமையாதது. மோதல் என்றாலே திடீரென நிகழ்வதுதான். 'அப்போல்' அத்தகையதன்று. ஒரு செய்தி புதியதாயினும் பழையதாயினும், அதன் தீமையை மனம் எடைபோட்டு 'இது பொறுக்கத் தக்கதன்று' என்று கூறும்போது நிகழும் நடுக்கமே அதன் பொருள். அடிமை வாணிகத்தைப் பற்றிப் பலமுறை படித்தவரும் மீண்டும் ஒரு கப்பலின் கணக்கேட்டைப் புரட்டும்போது இந்நிலையை அடையலாம். அவர் 'ஷாக்' அடைந்தார் என்று கூறுதல் அவ்வளவாகப் பொருந்தாது. மறுதலையாக, நண்பர் திடீரென முதுகில் தட்டினால் 'ஷாக்' அடையலாம். அங்கு 'அப்போல்' ஒருபோதும் வாராது. மகிழ்ச்சியான செய்தி கேட்டு இன்ப அதிர்ச்சி அடைகிறோம். 'இன்ப அப்போல்' என ஒன்று இருக்க வழியில்லை. வகுப்பில் இச்சோதனைகளைச் செய்துகாட்டினாலே மாணவர் வேறுபாட்டை உணர்ந்துவிடுகின்றனர் என்பது எம் பட்டறிவு.

இவ்வேறுபாடு வெறும் அகராதி நுட்பம் அன்று என்பதற்கு ஓர் ஆவணத்தைச் சான்றாகக் காட்டலாம். 1994 ஏப்ரல் 6ஆம் நாள் ருவாண்டா, புருண்டி ஆகிய இரு நாடுகளின் அதிபர்களும் பயணம் செய்த வானூர்தி கிகாலி நகருக்கு அருகே வீழ்த்தப்பட்டது. அதனைத் தொடர்ந்து ருவாண்டாவில் துட்சி இன மக்கள் திட்டமிட்டுக் கொன்று குவிக்கப்பட்டனர். ஏப்ரல் 21இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் 912ஆம் எண்ணுள்ள தீர்மானத்தை நிறைவேற்றியது. மன்றத்தின் தீர்மானங்கள், முகவுரைப் பகுதியில் எச்சவினைகளை வரிசையாக அடுக்கிச் செல்லும் மரபினை உடையவை. இத்தீர்மானத்தில் அதிபர்களின் சாவுக்கு 'ஷாக்' என்னும் வினையும், அதன்பின் நிகழ்ந்த பெருங்கொலைகளுக்கு 'அப்போல்' என்னும் வினையும் அடுத்தடுத்து ஆளப்பட்டுள்ளன. முன்னது நொடிப்பொழுதில் நிகழ்ந்த எதிர்பாராத சாவு. பின்னது இரு வாரமாக உலகமே பார்த்துக்கொண்டிருக்க நாள்தோறும் நிகழ்ந்த படுகொலை. சொல்லாட்சி துல்லியமானது. தமிழில் இரண்டையும் 'அதிர்ச்சியுற்று' என மொழிபெயர்த்துவிடின், வானூர்தி வீழ்ந்ததும் மாந்தர் வெட்டிக் கொல்லப்பட்டதும் மன்றத்தின் பார்வையில் ஒரே தன்மைய ஆகிவிடும்.

அத்தீர்மானத்தில் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. முகவுரையில் இத்துணை வன்மையான வினையை ஆண்ட மன்றம், அதே தீர்மானத்தின் செயற்பகுதியில், ருவாண்டாவிலிருந்த சுமார் 2500 பேர் கொண்ட அமைதிப்படையை ஏறத்தாழ 270 பேராகக் குறைக்க ஒப்புதல் அளித்தது. அடுத்த வாரங்களில் பல இலட்சம் பேர் மாண்டனர். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே உள்ள இப்பிளவை ஆங்கிலத்தில் படிப்பவர் உடனே உணர்வார். ஏனெனில் 'அப்போல்' என்பது 'இது பொறுக்கத் தக்கதன்று' என்னும் தீர்ப்பைத் தன்னுள் கொண்டது. தீர்ப்புக் கூறியவர் வாளா இருத்தல் முரண். அதிர்ச்சி அடைந்தவர் வாளா இருப்பதில் முரண் எதுவும் இல்லை. அதிர்ச்சியின் இயல்பே செயலற்றுப்போதல்தானே. மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தளர்த்தினால் மன்றத்தின் பொறுப்பும் தளர்ந்துவிடுகிறது.

'அதிர்ச்சி' என்னும் நம் சொல்லைக் குறைத்துக் கூறுவது எம் நோக்கமன்று. 'அதிர்' என்பது பழமையான வினை. நடுங்குதலும் முழங்குதலும் அதன் பொருள்கள். முரசும் அதிரும், நிலமும் அதிரும், நெஞ்சும் அதிரும். திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்தில் (குறள் 429), வருமுன் காக்கும் அறிவுடையார்க்கு நடுங்க வரும் துன்பம் இல்லை என்னும் கருத்தில் இவ்வினை ஆளப்பட்டுள்ளது. எதிர்பார்த்துக் காப்பவனை அதிர வைக்க இயலாது என்பதே அதன் உட்கிடை. எதிர்பாராமைக்கும் அதிர்தலுக்கும் உள்ள உறவை வள்ளுவர் அன்றே சுட்டிவிட்டார். ஆகவே 'ஷாக்' என்பதற்கு 'அதிர்ச்சி' மிகப் பொருத்தமான ஆக்கம். மின்னதிர்ச்சி, பின்னதிர்வு, மருத்துவத்தில் குருதியோட்டம் குன்றிய நிலையைக் குறிக்கும் அதிர்ச்சி என அது தன் கடமையைச் செவ்வனே செய்து வருகிறது. அளவுக்கு மீறிய வேலையை அதன்மேல் சுமத்தியதே பிழை. 'அதிர்ச்சியில் உறைந்தனர்' என்னும் தொடரை இன்று செய்தித்தாளில் காணாத நாள் அரிது. அதிர்வது ஒன்று, உறைவது மற்றொன்று. நடுங்கிக்கொண்டே ஒருவர் எவ்வாறு உறைய முடியும் என்று எவரும் கேட்பதில்லை. சொல் தேய்ந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டு மாணவர்க்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆங்கிலச் செய்தியை அவர்கள் பல நேரங்களில் மலாய்ச் செய்தியோடு ஒப்பிட்டே படிக்கின்றனர். மலாயில் 'தெர்கெஜுட்' என்னும் சொல் பரவலாக வழங்குகிறது. அதன் முன்னொட்டு, தன்வயமின்றி நிகழ்ந்ததைக் காட்டும். திடுக்கிடுதலே அதன் அடிப்படைப் பொருள். அவ்வழியே தமிழுக்கு வரும் மாணவர்க்கு 'அதிர்ச்சி' எளிதாகக் கைகொடுக்கிறது.

தமிழ் மரபில் இப்பொருளைத் தேடுவோர் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைத் தவிர்த்துச் செல்ல இயலாது. எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கைக்குரிய நிலைக்களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. 'ஷாக்', 'அஸ்டோனிஷ்' முதலியன புதுமையை முதலாகக் கொண்ட இம்மருட்கையின்பாற் படும். அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியோர் காரணமாவர். 'அப்போல்' ஷேக்ஸ்பியர் காலத்தில் இவ்விடத்தை ஒட்டி நின்றது. ஆயின் அதன் இக்காலப் பொருளுக்கு நெருங்கிய இடம் இவ்விரண்டும் அன்று, வெகுளியே ஆகும். உறுப்புகளை அறுத்தல், குடியை நலிதல், அடித்தும் வைதும் அலைத்தல், கொல்லுதல் என்னும் நான்கிலிருந்து வெகுளி பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். ஆங்கில நாளிதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு, 'அப்போல்' எச்செய்திகளோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள்: உடற்சிதைப்பு, குடும்ப வன்முறை, அடித்துத் துன்புறுத்தல், கொலை. பட்டியல் பெரிதும் அதுவே. மேலும் அந்நான்கும் வெறுப்பின்வழி வருவன என்று நூலாசிரியர் சேர்த்துக் கூறுவது நோக்கற்பாலது. வெகுளியை நாம் இன்று வெறும் கோபம் என்று சுருக்கிவிட்டோம். தீமையைக் கண்டு மனம் சுருங்கி விலகுதலும் அதன் பகுதியே. ஆயினும் வெகுளி என்ற ஒன்றே போதும் என்று கூறிவிட முடியாது. வெகுண்டவர் முகம் சிவக்கும். 'அப்போல்' என்பதற்கு ஆளானவர் முகம் வெளிறும். அச்சமும் இளிவரலும் வெகுளியும் ஒருங்கே கலந்த நிலை அது. இம்மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கும் வினை தமிழில் உண்டா?

ஒன்று இருந்தது என்பதே எம் விடை. திருக்குறளின் 57ஆம் அதிகாரத்தின் தலைப்பு 'வெருவந்த செய்யாமை'. கொடுங்கோன்மை என்னும் அதிகாரத்தை அடுத்து அது வைக்கப்பட்டுள்ளது. வெருவுதல் என்பது அஞ்சுதல். எனினும் இங்கு அது புலியைக் கண்டு அஞ்சுவது அன்று. குடிகள் நடுங்கும் செயல்களை மன்னன் செய்தல் கூடாது என்னும்போது, அச்சமும் அறத்தீர்ப்பும் ஒரே சொல்லில் இணைகின்றன. 'வெருவந்த' செயல் என்பது அஞ்சத்தக்க செயல் மட்டுமன்று, செய்யத்தகாத செயலும் ஆகும். ஆங்கிலத்தில் 'அப்போலிங்' என்னும் பெயரடை குறிப்பது ஏறத்தாழ இதனையே. வினையும் முற்றிலும் வழக்கொழிந்துவிடவில்லை. இலங்கைத் தமிழர் இன்றும் அச்சுறுத்துதலை 'வெருட்டுதல்' என்றும், வயலில் நிறுத்தும் பொம்மையை 'வெருளி' என்றும் வழங்குகின்றனர். ஆயினும் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு செய்தியாளர் 'மன்றம் வெருவுகிறது' என்று எழுதினால் படிப்போர் மன்றம் எதற்கோ பயந்துவிட்டது என்றே கொள்வர். புராணக் கதைகளையும் ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் மொழிபெயர்ப்போர்க்கு இச்சொல்லைப் பரிந்துரைப்போம். அறிக்கைக்கும் செய்திக்கும் அன்று.

வழக்கிலுள்ள சொற்களில் 'பதறுதல்' இப்பொருளுக்கு மிக அணுக்கமானது என்று கருதுகின்றோம். பதற எதிர்பாராமை தேவையில்லை. பழைய கொடுமையை நினைத்தாலும் நெஞ்சு பதறும். பிறர் துன்பம் கண்டு பதறுவது இயல்பு. தீமையற்ற நிகழ்ச்சிக்கு எவரும் பதறுவதில்லை. இதற்கும் ஒரு குறை உண்டு. அவசரத்தில் பரபரப்பதையும் 'பதற்றம்' என்கிறோம். 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழியில் அப்பொருளே உள்ளது. 'நெஞ்சு', 'மனம்', 'குலை' என்று ஓர் உறுப்போடு சேர்த்து எழுதும்போது இம்மயக்கம் நீங்கிவிடும். 'மனம் பொறாமல்', 'நெஞ்சம் கொதித்து' என்பனவும் இடம் நோக்கி ஆளத்தக்கன. முன்னது தீர்ப்பையும் பின்னது சினத்தையும் மிகுத்துக் காட்டும். சிலர் 'அப்போல்' வரும் இடத்தில் 'வன்மையாகக் கண்டிக்கிறது' என்று எழுதுகின்றனர். அது பொருந்தாது. கண்டித்தல் வாயின் செயல். இது நெஞ்சின் நிலை. பெரும்பாலான அறிக்கைகளில் கண்டனம் அடுத்த தொடரில் தனியே வரும்.

சொல் கிடைத்தபின்னும் தொடரமைப்பு இடர் தரும். ஆங்கிலத்தில் செய்தி எழுவாய், மாந்தர் செயப்படுபொருள்: செய்தி அவர்களை 'அப்போல்' செய்தது. தமிழில் உணர்பவரை எழுவாயாக்கித் தன்வினையில் கூறுவதே இயல்பு: 'கேட்டவர் நெஞ்சம் பதறினர்'. செய்தியை எழுவாயாக்க வேண்டுமெனில் 'பதறவைத்தது' எனத் துணைவினை சேர்க்கலாம். எனினும் தொடர்தோறும் அவ்வாறு எழுதினால் ஆங்கில வாடை வீசும். ஆங்கிலத்தில் இவ்வினை பெரும்பாலும் செயப்பாட்டு வடிவிலேயே வருவதால், தமிழின் தன்வினை அதற்கு இயற்கையாகவே ஈடாகிறது. நிகழ்கால வினைமுற்றில் தொடர்நிலை வடிவம் இதற்கு அரிது என்பதையும் மாணவர்க்குக் கூறுதல் வேண்டும். மற்றொரு பிழை வேடிக்கையானது. தாம் மனம் பதறியதைக் கூற வந்த மாணவர் ஒருவர், 'எட்' ஈற்று வடிவத்தை விடுத்து 'இங்' ஈற்று வடிவத்தை எழுதிவிட்டார். பதறியவன் என்று சொல்ல வேண்டியவர், தம்மைக் காண்போர் பதறும்படி தாம் இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

அந்த 'இங்' வடிவம் பற்றி எமக்கும் ஓர் அனுபவம் உண்டு. அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட முதல் ஆண்டில், எம் இயல் ஒன்றைத் திருப்பித் தந்த நெறியாளர் அடிக்குறிப்புகள் 'அப்போலிங்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அகராதியைப் புரட்டி, 'திகிலூட்டும், கொடிய' என்னும் பொருள்களைக் கண்டு அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. மறுநாள் அவரோ புன்னகையுடன் தேநீர் வழங்கினார். பிரித்தானியப் பேச்சுவழக்கில் அச்சொல் 'படுமோசம்' என்னும் அளவுக்கு நீர்த்துப்போனதை அதன்பின்னரே அறிந்தோம். மழையும் 'அப்போலிங்', கையெழுத்தும் 'அப்போலிங்', உணவகத்துக் காப்பியும் 'அப்போலிங்'. இதில் நாம் ஆங்கிலேயரை நகைப்பதற்கில்லை. 'கொடுமை' என்னும் சொல்லை நாம் திரைப்படத்திற்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் வழங்குகிறோம். 'பயங்கரம்' என்பது இளையோர் வாயில் பாராட்டாகவே மாறிவிட்டது. எனவே பெயரடை வடிவத்தைக் கண்டவுடன் நெஞ்சைப் பதறவைத்தல் வேண்டாம். எதைப்பற்றிப் பேசப்படுகிறது என்று பார்த்து, 'சகிக்க முடியாத', 'படுமோசமான' என்று எழுதிவிட்டுச் செல்லலாம். வினைவடிவமோ ஆங்கிலத்தில் இன்னும் தன் வன்மையைப் பெரிதும் இழக்காமல் இருக்கிறது.

இன்னொரு வழியையும் குறிப்பிட வேண்டும். சில இடங்களில் எந்த வினையும் போதாது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில், கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் பாண்டியன் அடைந்த நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவன் அடைந்தது அதிர்ச்சி என்றால் பாதி உண்மையே. தன் செயலைத் தானே எடைபோட்டு, தன்மேல் தானே தீர்ப்புக் கூறிக்கொண்ட நிலை அது. 'அப்போல்' என்னும் வினையின் முழுப்பொருளும் அங்கு உண்டு. இளங்கோவோ அவ்வுணர்ச்சிக்குப் பெயரிட முயலவில்லை. குடையும் செங்கோலும் நிலைகுலைந்ததைக் காட்டுகிறார், அவன் சொற்களைக் கேட்கச் செய்கிறார், வீழ்ந்ததைக் காட்டுகிறார். இலக்கிய மொழிபெயர்ப்பில் ஒரு வினைக்கு ஒரு வினை தேடி அல்லலுறும் மாணவர்க்கு இக்காதையை நாம் படிக்கக் கொடுப்பதுண்டு.

அடுத்த வாரம் அதே தொடரை வகுப்பில் மீண்டும் எடுத்துக்கொண்டோம். வினா எழுப்பிய ஆசிரியை கரும்பலகையில் 'பணிப்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட இக்கொடுமையை அறிந்து மன்றம் நெஞ்சம் பதறுகிறது' என்று எழுதினார். மன்றத்துக்கு நெஞ்சு ஏது என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். வகுப்பு சிரித்தது. அவர் சற்று நின்று எண்ணி, 'மன்றம்' என்பதை அழித்து 'மன்றத்தார்' என்றும், 'பதறுகிறது' என்பதைப் 'பதறுகின்றனர்' என்றும் மாற்றி எழுதிவிட்டு இருக்கைக்குத் திரும்பினார்.